கோட்டோரம் உருண்ட பந்து

1. முதல் நாள்

பத்து வருடம் பாத்திரம் கழுவிய பிறகு எனக்கு அடுப்படியில் வேலை கிடைத்தது. பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகம், நிலத்துக்குக் கீழே சமையலறை. செஃப் எங்கள் ஆள், இலங்கைத் தமிழர், பெயர் ரமணன். என்னைவிட ஏழு வயது இளையவர். அதனால் அண்ணை என்று கூப்பிட்டு, மரியாதை குறையாமல் வேலை ஏவுவார்.

முதல் நாள் அவர் வெங்காயத்தைப் பற்றியோ சோஸைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணை, கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதேங்கோ. கையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போங்கோ. கத்தி உடைஞ்சால் வேறை வாங்கலாம்."

"ஓம் செஃப்," என்றேன். இதையெல்லாம் ஒரு மனிதனுக்குச் சொல்ல வேண்டுமா என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

சோதனைக் காலம் நான்கு மாதம். அது முடிந்து நிரந்தரக் கொந்திரா, அதாவது வேலை ஒப்பந்தம், கையில் வந்தால்தான் மாலாவைக் கூப்பிட பிரிபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோரில் விண்ணப்பம் போடலாம். மாலா என் மனைவி, ஊரில் இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம். சேர்ந்து இருந்தது ஐந்து கிழமை. கழுவிய காலத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஆறு மாத ஒப்பந்தங்கள். அந்த நான்கு மாதமும் நான் நெருப்பின் மேல் நடந்துகொண்டிருந்தேன்.

2. கூப்பூர்

உணவகத்தில் வேலை செய்யாதவர்களுக்குக் கூப்பூர் தெரியாது. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு முடியும், இரவுச் சாப்பாடு ஆறு மணிக்குத் தொடங்கும். இடையில் மூன்று மணித்தியாலம் நீங்கள் யாருக்கும் தேவையில்லை. அதுதான் கூப்பூர். நான் இருந்தது பாரிஸுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில். ரயிலும் பஸ்சும் பிடித்து வீட்டுக்குப் போனால் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பத்தான் நேரம் இருக்கும். அதனால் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வந்து வதனியின் தேத்தண்ணிக் கடையில் இருப்பேன். இன்னொரு உணவகத்தில் கழுவும் யோகனும் அங்கே வருவான்.

வதனிக்கு என் வயது. சுவரில் ஒரு டிவி. கனடாவில் இருக்கும் அவளுடைய தமையன் வந்தபோது வெளிநாட்டுச் சானல்கள் வரும் ஒரு பெட்டியை அதில் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த நேரத்தில் அதில் பேஸ்போல்தான் போகும். பழைய ஆட்டங்களில் தடுப்பவர்கள் செய்த அருமையான வேலைகளை மட்டும் வெட்டி ஒட்டிக் காட்டுவார்கள். கடையில் கதைக்கிற சத்தம் போதும் என்று வதனி ஒலியை நிறுத்தி வைத்திருப்பாள்.

ஒலி இல்லாத அந்தப் பச்சைப் புல்வெளியை நான் எத்தனை பின்னேரம் பார்த்திருப்பேன் என்று தெரியாது. கால் வலி மெல்ல இறங்கும். கண் பாதி மூடும். மேலே இரும்புப் பாலத்தில் மெத்ரோ போகும்போது கிளாஸில் பிளேன்டீ நடுங்கும். திரையில் ஒரு மனிதன் ஓடுவான், தாவுவான், காற்றில் அப்படியே கிடப்பான். அவன் நிலத்துக்கு வருவதற்குள் நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பலாம்.

விதிகளை எங்களுக்கு விளங்கப்படுத்தியது வதனிதான். அவள் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவள். அதுவும் பொல்லால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற விளையாட்டு. "எங்களுக்குக் கையுறையும் இல்லை, ஒண்டும் இல்லை. உள்ளங்கைதான்," என்பாள்.

ஆட்டக்காரர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. நாங்களே பெயர் வைத்தோம். மதிலில் கால் வைத்து ஏறி, வெளியே போய்விட்ட பந்தை எட்டி எடுத்து வருபவர் வேலிக்காரர். அடித்தவனுக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டே தோளுக்கு மேலால் வரும் பந்தைப் பிடிப்பவர் முதுகுக்காரர்.

"முதுகுக்காரருக்கு மேலை ஒருத்தனும் இல்லை," என்று யோகன் மேசையில் தட்டுவான். "பாராமல் ஓடுறான் மச்சான். பந்து வரும் எண்டு நம்பி ஓடுறான்."

"வேலிக்காரரின்ரை பந்து போட்டுது. எல்லாரும் போட்டுது எண்டு எழும்பியாச்சு. போனதைத் திருப்பிக் கொண்டுவாறதுதான் பெரிசு," என்பேன் நான். போனதைத் திருப்பிக் கொண்டுவர ஆசைப்படாத அகதி யார்?

வதனி ஒருநாளும் எங்கள் இருவர் பக்கமும் வரவில்லை. அவளுக்குப் பிடித்தது வேறு ஒரு காட்சி. அடிக்கிறவன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடுகிறான். பந்து வெள்ளைக் கோட்டோரமாக உருளுகிறது. தடுப்பவர்கள் நாலு பேர் ஓடிவந்து, குனிந்து, பந்தைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவரும் தொடவில்லை. அவ்வளவுதான்.

"உது ஒரு தடுப்போ?" என்று யோகன் கேட்டான்.

"எடுத்தால் ஓடினவன் தப்பியிடுவான். விட்டால், பந்து கோட்டுக்கு வெளியிலை போனால், அந்த அடியே செல்லாது. பக்கத்திலை நிண்டுகொண்டு கையைக் கட்டிவைக்கிறது லேசு எண்டு நினைக்கிறியளோ?"

நாங்கள் சிரித்தோம். அந்தக் காட்சிக்குக் கடைசி இடம் கொடுத்தோம்.

3. நல்ல பிடி

இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம், சாப்பாடு ஏற்றும் சின்ன லிப்டிலிருந்து ஒரு சோஸ் கிண்ணம் சரிந்தது. நான் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துவிட்டேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சமையலறையே கை தட்டியது. அன்று கூப்பூரில் யோகனுக்கு அதை மூன்று தரம் நடித்துக் காட்டினேன்.

அடுத்த கிழமை லீக்ஸ் தண்டுகளை வெட்டி, கத்தியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது என் முழங்கை அதன் பிடியில் பட்டது. கத்தி மேசை விளிம்பால் விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்தது கத்தி அல்ல, விழுகிற ஒரு பொருள். வலக்கை தானாகப் போனது. பிடித்தேன். உண்மையைச் சொன்னால், அழகான பிடி.

தரை ஓடெல்லாம் இரத்தம். ரமணன் துணியைச் சுற்றி இறுக்கினார்.

"ஏன் அண்ணை பிடிச்சனீங்கள்? சொன்னனான்தானே?"

"கை தன்ரை பாட்டிலை போட்டுது செஃப்."

உள்ளங்கையில் ஐந்து தையல், பன்னிரண்டு நாள் விடுப்பு. அந்த நாட்கள் சோதனைக் காலத்தோடு கூட்டப்படும் என்றார்கள். அதைவிட, ரமணன் போனில் சொன்னதுதான் வலித்தது.

"முதலாளி கேக்கிறார், இவர் கவனமான ஆளோ எண்டு. ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இன்னொருக்காச் சொல்ல என்னால ஏலாது அண்ணை."

ஞாயிறு காலை மாலா வீடியோவில் வந்தாள். "ஏன் இடக்கையாலை போனைப் பிடிச்சிருக்கிறியள்?" என்றாள். சார்ஜ் வயர் அந்தப் பக்கம் என்றேன். மூன்று வருடம் எனக்காகக் காத்திருந்தவளிடம் பொய் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

4. பன்னிரண்டு நாள்

விடுப்பில் போக வேறு இடம் இல்லாமல் வதனியின் கடையிலேயே இருந்தேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "என்ன, வேலிக்காரர் வேலியாலை விழுந்திட்டாரோ?" என்றாள். பிறகு காசு வாங்காமல் தேத்தண்ணி வைத்தாள்.

மாத்திரையின் மயக்கம். மாரி வெயில் கண்ணாடியால் வந்து மேசையில் கிடந்தது. திரையில் அந்தப் பந்து உருண்டது. அன்றுதான் நான் பந்தை விட்டுவிட்டு அந்த நாலு பேரின் கைகளைப் பார்த்தேன். கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. விரல்கள் துடித்தன. ஒருவன் தன் வலக்கையை இடக்கையால் பிடித்து வைத்திருந்தான். பிறந்த நாளிலிருந்து பந்தைக் கண்டால் எடுக்கப் பழகிய கைகள் அவை. பந்து கோட்டின் மேல் வந்து, யோசித்து, மெல்ல வெளியே சாய்ந்தது.

அன்றிரவு கனவிலும் அது உருண்டது. விளிம்பில் மாலா நின்றாள்.

5. விழுந்தது

சோதனைக் காலம் முடிய நான்கு நாள் இருந்தது. மத்தியானம், நல்ல நெருக்கடி. அதே மேசை, அதே கத்தி. ஈரத் துணியோடு சேர்ந்து இழுபட்டு விழுந்தது. கை புறப்பட்டது. அதை நான் உணர்ந்தேன். உள்ளங்கைத் தழும்பு சுருங்கியது. இடக்கையால் வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனேன்.

கத்தி தரையில் குத்தி நுனி உடைந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை ஒருவரும் கை தட்டவில்லை. ரமணன் உடைந்த கத்தியைப் பார்த்தார், என் இரண்டு கையையும் பார்த்தார்.

"நல்லம் அண்ணை," என்றார். "வேறை கத்தி எடுங்கோ. எட்டாம் மேசை காத்துக்கொண்டிருக்கு."

வெள்ளிக்கிழமை கொந்திராவில் வலக்கையால் கையெழுத்து வைத்தேன்.

அடுப்படிக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ரமணன் சொன்னதுதான்: விழுகிற கத்தியைப் பிடிக்காதீர்கள். கேட்டுக்கொண்டு உள்ளுக்குள் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாலா அடுத்த வருடம் கோடையில் வந்தாள். முதற் கிழமையே அவளை வதனியின் கடைக்குக் கூட்டிப்போனேன். திரையில் நாலு பேர் ஒரு பந்தைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

"ஏன் ஒருத்தரும் அந்தப் பந்தை எடுக்காமல் நிக்கினம்?" என்று மாலா கேட்டாள்.

"கொஞ்சம் பொறும்," என்றேன்.

யோகன் சிரித்தான். வதனி சிரிக்கவில்லை; தேத்தண்ணிக் கேத்தலைக் கையில் வைத்தபடி அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து வெளியே சாயும்வரை மாலா மூச்சுவிடவில்லை. பிறகு என் வலக்கையை எடுத்து விரித்து, நான் இன்னும் அவளுக்குக் கதை சொல்லாத அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்தாள்.