அம்மா கழுத்தில் மஞ்சள் கிழங்கு

என் அம்மாவின் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். மாப்பிள்ளை என் அப்பாதான். அப்போது எனக்கு ஆறு வயது.

குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக் கூலிக் குடும்பம் எங்களுடையது. அம்மாவின் உடம்பு மஞ்சளாக மினுங்கத் தொடங்கியபோது லயத்துப் பெண்கள் எந்த மஞ்சள் பூசுகிறாள் என்று கேட்டுப் போனார்கள். பிறகு கண்ணும் மஞ்சளித்தது. சோறு இறங்கினால் வலது விலாவுக்கடியில் வலி பிடுங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கீழாநெல்லி தோற்றது. ரயிலேறி ஜொகூர் பாரு போனோம். பித்தப்பையில் கல், அதிலொன்று நழுவிக் குழாயை அடைத்திருக்கிறது, வயிற்றைத் திறந்து எடுக்காவிட்டால் ஆள் தங்காது என்றார் வெள்ளைக்கார டாக்டர்.

“அரிசியில கல்லு பொறுக்காம பொங்குனேன்ல, அதான்” என்றாள் அம்மா. கத்திக்கு அவள் பயப்படவில்லை.

தாலிக்குத்தான் பயந்தாள். “கழுத்தில தங்கம் கிடக்கக் கூடாது அம்மா, கழட்டித் தாங்கோ” என்றாள் யாழ்ப்பாணத்து நர்ஸ்.

“அவரு கல்லு மாதிரி நிக்கிறாரு, நான் கழட்டணுமா? வேணாம்மா, இந்த வலியோடவே போயிடறேன்.” சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அப்பா ஓடினார். ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கோடு திரும்பினார். நர்ஸ் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “நூலெண்டால் நான் டொக்டரிட்டச் சொல்லுறன்” என்று சொல்லி, புண் தைக்கும் நூலையும் கிழங்கையும் வெந்நீரில் போட்டெடுத்தாள்.

பழையது இறங்குமுன் புதியது ஏற வேண்டும். கழுத்து ஒரு கணமும் வெறுமையாக இருக்கக் கூடாது. முதல் முடிச்சு அப்பா போட்டார். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. அத்தையோ கடலுக்கு அந்தப் பக்கம்.

“நான் போட்டால் செல்லாதோ?” என்றாள் நர்ஸ்.

“நாத்தனார்னா நாங்க சீர் செய்யணும்லா” என்றாள் அம்மா.

“முதல்ல பிழைச்சு வாங்கோ. சீரைப் பிறகு பாப்பம்.”

பக்கத்துக் கட்டில் மலாய்க்காரம்மா கல்யாணமா என்று சைகையில் கேட்டுக் கைதட்டினாள். எதிர்க்கட்டில் சீனக் கிழவி எனக்கு ஆரஞ்சுச் சுளைகள் தந்தாள். வார்டே சிரித்தது. சிரிக்க வைக்காதீர்கள், வலிக்கிறது என்று அம்மாவும் சிரித்தாள். எந்தப் பிள்ளைக்கு இது வாய்க்கும்? பாயசம் எப்போது என்று கேட்டேன்.

தள்ளுவண்டியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கழற்றிய தாலியை அப்பா சட்டைப்பையில் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வெயில் சாயும்வரை கையை எடுக்கவில்லை.

“நெஞ்சு வலிக்குதாப்பா?”

“இல்ல புள்ள. கனமா இருக்கு.”

ஒருவழியாக நர்ஸ் வந்தாள், கையில் புட்டி, புட்டிக்குள் பழுப்பாக நாலைந்து கற்கள். “உங்கட மனுசி நல்லா இருக்கிறா. கல்லைப் பாருங்கோ.” அப்பா புட்டியைப் பார்க்கவில்லை. “கழுத்துல கயிறு இருக்குல்ல?” என்றார்.

“நான் போட்ட முடிச்சு அவிழுமோ?”

குழாயடியில் முகம் கழுவப் போகும்போது தாலியை என் கையில் தந்தார். ஒரு நிலக்கடலைக்குமேல் இராது. தோளில் கம்பு வைத்து இரண்டு வாளி ரப்பர்ப் பாலை மேட்டில் சுமந்தேறுகிற மனிதர், இதையா கனம் என்றார்? ஊதினால் பறந்துவிடும்போல இருந்தது. அவர் குழாயடியில் வெகுநேரம் குனிந்தே நின்றார். நான் பெஞ்சில் காலாட்டியபடி, அந்தத் தாலியை மேலே வீசிப் பிடித்து விளையாடினேன்.