பாட்டுக்கு நடுவில் நிறுத்திய கரண்ட்

2011-ஆம் வருடம், ஓணம் கழிந்த வாரம். மார்த்தாண்டத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலைக்கு நின்றிருந்தேன். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் கலைவிழாவில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் கடியப்பட்டணத்துக்குப் பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கடலுக்குப் போனால் வாந்தி நிற்காது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு உடம்பு வாய்த்தால் ஊரைவிட்டுக் கிளம்புவதைத் தவிர வழியில்லை. கொல்லத்தில் இறால் உரித்தேன், கோவாவில் படகுகளுக்கு ஐஸ் உடைத்தேன், ஹூப்ளியில் பேக்கரியில் மாவு பிசைந்தேன். எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. மைக் செட் வேலைதான் ஒத்துவந்தது. தினம் ஒரு ஊர், தினம் ஒரு மேடை. மேடைக்கு அடியில் தார்ப்பாயை விரித்தால் படுக்கையும் ஆயிற்று.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்.

“லேய், பாட்டு எப்பிடி இருக்குன்னு கேக்கியது ஒனக்க சோலி இல்ல. ஆளுவ தள்ள ஆரம்பிச்சா மெயின ஆஃப் பண்ணு. சத்தம் நின்னா பாதி பயலுவளுக்கு வெறி எறங்கிரும். பொறவு ஸ்பீக்கர் பாக்ஸ தூக்கு.”

எங்கள் மாவட்டத்தில் திருவிழாக் கச்சேரிக்கு மைக் செட் கட்டியவர்களுக்கு இது புரியும். மேடைக்கு முன்னால் யார் ஆடுவது என்பதில் தொடங்கும். ஒரு நிமிடத்தில் நாற்காலி பறக்கும்.

இந்தப் பாடத்தை நான் ஒருமுறை மறந்தேன். முந்தைய வருடம் ஒரு கடற்கரை ஊரில் பாட்டு நன்றாக இருந்தது, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். தள்ளுமுள்ளில் ஒருவன் விழுந்தான். நான் சுவிட்சை விட்டுவிட்டு அவனைத் தூக்க ஓடினேன். போய்ச் சேருவதற்குள் மிதித்துவிட்டார்கள். என்னையும் மிதித்தார்கள். எனக்கு இரண்டு விலா எலும்பு போயிற்று, கூடிவிட்டது. அவனுக்கு ஒரு கண் போயிற்று. அது கூடவில்லை. அதற்குப் பிறகு நான் பாட்டே கேட்பதில்லை. ஆட்களின் தோளை மட்டும் பார்ப்பேன்.

அந்தக் கல்லூரிக்குப் பாட வந்தது பெங்களூரிலிருந்து ஒரு பங்க் ராக் குழு. நான்கு பேர். குழித்துறை ரயில் நிலையத்திலிருந்து எங்கள் டெம்போவில்தான் அவர்களைக் கூட்டிவந்தோம். பாடுகிறவள் ஒரு பெண். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், கையில் ஒரு வளையல்கூட இல்லை. தமிழ் பேசினாள். மற்ற மூன்று பேருக்கும் கொஞ்சம் புரியும்.

வழியில் ஒரு கடையில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட நிறுத்தினோம். நானும் டிரைவரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். வழக்கம் அதுதான், பாட வருகிறவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எங்கள் முறை. அந்தப் பெண் இறங்கி வந்து, எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காரவைத்தாள்.

“என்ன பாட்டு பாடுவிய?” என்று டிரைவர் கேட்டார்.

“எங்க பாட்டுல பெருசா ஒண்ணும் இல்லண்ணா. கிடார்ல மூணு கார்டு, மூணே பிடிதான். மிச்சமெல்லாம் கத்துறதுதான்.”

“அதுக்கா பெங்களூர்ல இருந்து வந்திய? எனக்க வீட்டுக்கு வந்தா எனக்க பெண்டாட்டி ஒரு கார்டும் இல்லாம கத்துவாளே.”

அவள் சிரித்த சிரிப்பில் குழம்பு புரையேறிவிட்டது.

கல்லூரியில் நிகழ்ச்சிக்கு நான்கு மணியிலிருந்து நாலரை வரைதான் அனுமதி. நாலே முக்காலுக்குக் கல்லூரிப் பேருந்துகள் கிளம்பிவிடும். ஏற்பாடு செய்திருந்த மாணவன், தாடி வைத்த ஒல்லிப் பையன், வியர்த்துப்போய் அலைந்துகொண்டிருந்தான். இந்தக் குழுவின் பாட்டுகளை இரண்டு வருடமாக போனில் போட்டுப் போட்டுக் கேட்டவனாம். நேரில் கேட்க வேண்டும் என்று நிர்வாகத்தின் காலைப் பிடித்து அனுமதி வாங்கியிருக்கிறான். சின்னத் தகராறு வந்தாலும் உடனே நிறுத்திவிடுவோம், அதற்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தான்.

“அண்ணே, ஒண்ணும் ஆவாதுல்லா?” என்று என்னிடமே மூன்று தடவை கேட்டான்.

இறைவணக்கம் பாடினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். தோவாளை மாலை போட்டு, நான்கு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவன் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, நேரே போய் அந்தப் பொன்னாடையைச் சுருட்டிப் பெரிய டிரம்முக்குள் திணித்தான்.

“அட எளவே, பொன்னாடைய எங்க கொண்டு வைக்கான் பாரு” என்றார் முதலாளி. ஒரு அடி அடித்துப் பார்த்ததும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரிலிருந்து தலையைத் தூக்கினார். “கொள்ளாமே. சத்தம் நல்ல கட்டியா வருது.”

நான் மேடையின் வலதுபக்கம் ஜெனரேட்டருக்கு அருகில் மெயின் சுவிட்சின் கைப்பிடியைத் தொட்டபடி நின்றேன்.

முதல் பாட்டுக்குப் பிள்ளைகள் திகைத்துப்போய் நின்றார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரண்டாவதில், முன்னால் நின்ற முப்பது நாற்பது பேர் நடுவில் வட்டமாக இடம் விட்டார்கள். பிறகு அந்த வட்டத்துக்குள் ஓட ஆரம்பித்தார்கள். தோளோடு தோள் மோதினார்கள். தள்ளினார்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். முதலாளியைப் பார்த்தேன், அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் அந்தப் பெண் எங்கள் மைக்கோடு மேடையிலிருந்து கீழே குதித்தாள். அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில், ஒற்றைப் பெண். வட்டம் அவளைச் சுற்றிச் சுழன்றது. பச்சைச் சட்டை போட்ட ஒருவனின் மூக்கிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்த்தேன். அடுத்த சுற்றில் அவன் விழுந்தான். தலை மறைந்துவிட்டது.

என் கை கைப்பிடியை இழுத்துவிட்டது.

கிடார் செத்தது, மைக் செத்தது. ஆனால் டிரம்ஸ் நிற்கவில்லை. அவன் தலைகூடத் தூக்காமல் அடித்துக்கொண்டே இருந்தான். அந்தப் பெண் மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு வெறும் தொண்டையில் பாடினாள். முதலில் அந்தத் தாடிப் பையன், பிறகு அவனைச் சுற்றி நின்றவர்கள், பிறகு மைதானம் முழுவதும் அவள் பாடிய ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு பாடியது. ஆங்கில வரி, அர்த்தம் எனக்குத் தெரியாது. ஒரு பாக்ஸ்கூட வேலை செய்யாத இடத்தில் அவ்வளவு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

நான் பச்சைச் சட்டைக்காரனைத் தேடினேன். நான்கு பேர் அவனுக்கு முதுகைக் காட்டிச் சுவர் மாதிரி நின்று, வருகிற தள்ளலையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஒருவன் தரையிலிருந்து அவனுடைய கண்ணாடியை எடுத்து, யாரும் தட்டிவிடாதபடி தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தான். பச்சைச் சட்டை மூக்கைத் துடைத்தான், கண்ணாடியை வாங்கி மாட்டினான், சிரித்தான், திரும்பவும் வட்டத்துக்குள் ஓடினான்.

கைப்பிடியை மேலே தள்ளினேன். டம்மென்று எல்லா பாக்ஸும் ஒன்றாக இடித்தன. பாட்டு முடிந்தது.

விளையாட்டு ஆசிரியர் மேடையில் ஏறினார். பி.டி. சார் என்று எல்லோரும் கூப்பிடுகிற அவருக்கு இந்த நிகழ்ச்சி முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

“கரண்ட ஆஃப் பண்ணினது யாரு? என்ன பிரச்சினைன்னு ஆஃப் பண்ணின?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தகராறு ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் மைக் செட்காரனே பயந்து கரண்டை நிறுத்தினான் என்றால், தகராறு நடந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம். அத்தோடு நிகழ்ச்சி முடிந்துவிடும், அந்தப் பையன் கையெழுத்துப் போட்ட காகிதம் வெளியே வரும். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளியும் என்னைத்தான் பார்த்தார்.

அந்தப் பெண் மேடையில் ஏறி, மூச்சு வாங்க மைக்கில் சொன்னாள்: “சார், அது பாட்டுல இருக்கு. அந்த இடத்துல கரண்ட் நிக்கணும். நாங்கதான் அண்ணாகிட்ட சொல்லி வெச்சிருந்தோம்.”

“பாட்டுக்கு நடுவுல கரண்ட நிப்பாட்டுவாவளா? யாருகிட்ட கத விடுத?”

“இன்னொரு தடவை பாடுறோம் சார். அதே இடத்துல நிக்குதான்னு நீங்களே பாருங்க.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். கெஞ்சவும் இல்லை, கண்ணடிக்கவும் இல்லை. கப்பை சாப்பிட உள்ளே கூப்பிட்டபோது பார்த்தாளே, அதே பார்வை.

பாட்டு தொடங்கியது. ஒரு வருடமாக நான் ஒழுங்காகப் பாட்டு கேட்டதில்லை. அன்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. நான் பார்த்தது ரத்தத்தை, பாட்டை இல்லை. இந்த இடமா, இதுவா என்று ஒவ்வொரு வரியிலும் தேடினேன். அவள் திரும்பவும் கீழே குதித்தாள். அப்போது டிரம்ஸ்காரன் நான்கு அடி அடித்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு குச்சியை மேலே தூக்கினான். அதே நொடியில் முதலாளி பாக்ஸ் இடிக்காமல் இருக்க மிக்ஸரில் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிட்டு, “இப்ப லேய்!” என்று கத்தினார்.

இழுத்தேன்.

இந்தத் தடவை ஒரு கணம்கூட இடைவெளி விழவில்லை. மைதானம் முழுவதும் அந்த வரியில் ஏறிவிட்டது. பேருந்துகளுக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர்கள்கூட எட்டிப்பார்த்தார்கள். பி.டி. சார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் தாளம் போட்டார் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனார், அவ்வளவுதான். மிச்சப் பாட்டுகளும் நடந்தன. நாலே முக்காலுக்குப் பேருந்துகள் கிளம்பின. தாடிப் பையன் பேருந்தைத் தவறவிட்டான், அவன் வேண்டுமென்றே தவறவிட்டது போலத்தான் இருந்தது.

வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஜெனரேட்டர் பக்கம் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். கண் போனவனைப் பற்றியும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் பக்கத்தில் கிடந்த பாக்ஸ் மேல் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள்.

“விழுந்தவனைப் பாத்துதானேண்ணா நிறுத்துனீங்க?” என்றாள். “கீழ ஆடுறவங்களும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. உங்களுக்குக் கை எட்டல, சுவிட்ச் எட்டுச்சு.”

முதலாளி வண்டியில் ஏறிய பிறகுதான் என்னைத் திட்டினார். “ஆம்ப்ளிஃபையர் போயிருந்தா அந்த எடத்துல ஒன்ன வச்சி ஓட்டியிருப்பேன் பாத்துக்க.” கொஞ்ச தூரம் போன பிறகு, “எந்த எடத்துல நிப்பாட்டணும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிட்டு” என்று தானாகச் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வருடம் அந்த வேலையையும் விட்டேன். திருப்பூர், ஓசூர் என்று சுற்றி, 2015-இல் பெங்களூரில் கட்டிட வேலைக்குக் கம்பி சுமந்துகொண்டிருந்தேன். ஒருநாள் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் அந்த நான்கு முகங்களைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நிகழ்ச்சி. குளித்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கைப்பிடி எதையும் தொடாமல் ஒரு மேடைக்கு முன்னால் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

அந்தப் பாட்டு வந்தது. வட்டம் திறந்தது. பயந்து பயந்து உள்ளே போனேன், இரண்டாவது சுற்றிலேயே விழுந்தேன். விலா எலும்பு இரண்டும் முன்கூட்டியே வலித்தன. ஆனால் ஒரு மிதிகூட விழவில்லை. நான்கு கைகள் என்னைத் தூக்கி நிறுத்தின. சற்றுத் தள்ளி முன்பின் தெரியாத ஒருவன் என் ரப்பர் செருப்பில் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்று நாலாபக்கமும் காட்டிக்கொண்டிருந்தான்.

செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டிருக்கும்போது டிரம்ஸில் நான்கு அடி விழுந்தது. குச்சி ஒன்று மேலே உயர்ந்தது.

கரண்ட் நின்றது.

கூட்டத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை. அதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி எல்லோரும் ஒரே மூச்சில் அந்த வரியை எடுத்தார்கள். பக்கத்தில் நின்றவன் என் தோளில் கைபோட்டுக்கொண்டு பாடினான். எனக்கு அப்போதும் வரி தெரியாது. ராகம் தெரிந்திருந்தது, அதைப் பாடினேன். முடிந்ததும் அவளைப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கூட்டம் அவளைச் சூழ்ந்திருந்தது, அப்படியே வெளியே வந்துவிட்டேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது, பாட்டிலேயே இருக்கிறதே.

எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன், பிசகாத வேலை ஒன்றுகூட இல்லை. பிசகியதைக் குத்திக்காட்டாமல் அதற்கு ஒரு இடம் விட்டுப் பாட்டை நடத்திக்கொண்டு போனவர்களை அந்த மேடையில்தான் பார்த்தேன், அதனால் இப்போது என்னோடு வேலை செய்கிறவன் கைதவறினால், திட்ட வாய் திறப்பதற்கு முன்னால் அந்த நான்கு அடி எனக்குக் கேட்கிறது.