லெச்சுமியின் பொட்டக் கன்னு

மாட்டுக்குச் சினை ஊசி போடுற தொழில்ல மாட்டோட உதையைத் தாங்கிடலாம், மேலதிகாரியோட புத்திமதியைத்தான் தாங்க முடியாது. தலைக்கு மேல ஒருத்தரை வச்சுக்கிட்டு வேலை பார்க்கிற உங்களுக்கு நான் விளக்கணுமா என்ன?

எந்தக் காளை?

எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால ஒத்தை மாடு வச்சிருந்தாங்க பாக்கியம் அக்கா. புருஷன் இல்ல. கொழுந்துச் சம்பளம் அரிசிக்கு, மத்ததெல்லாம் பால் காசு. மாட்டுப் பேரு லெச்சுமி. கறக்கிறது சுமார்தான், ஆனா வருசா வருசம் கன்னு போட்டு, நோய்நொடி இல்லாம, கிழடாகியும் கறந்துச்சு. என்ன, போட்டதெல்லாம் காளைக் கன்னு. இந்தத் தடவையும் பொட்டக் கன்னு இல்லேன்னா தொழுவம் காலி. இன்னொரு மாடு வாங்க அக்காவுக்கு வழியே கிடையாது.

மாடு பருவத்துக்கு வந்து கத்துதுன்னு ஆள் வந்துச்சு. வாளி நிறையக் கறக்கிற இனத்துக் காளையோட விந்தை எடுத்துட்டுப் போகச் சொன்னாரு எங்க மாட்டு டொக்டர். முடியாதுன்னுட்டேன். அந்தக் காளையோட மகளுங்க ரெண்டே ஈத்துல ஓடாத் தேய்ஞ்சதைப் பார்த்தவன் நான். லெச்சுமி மாதிரியே ரொம்பக் காலம் கறந்த தாய்க்குப் பொறந்த வேற காளை ஒன்னு இருந்துச்சு. அந்த விந்தைத்தான் எடுத்தேன். ஐயாவுக்கு வந்துச்சே கோவம்!

"நீ என்னடா, மாட்டுக்கு ஜாதகமா பார்க்கிற?"

சோதனைச் சாவடி

அது சண்டைக் காலம். வழியில ஆமிக்காரங்க மறிச்சாங்க. விந்தை உறைய வச்சிருந்த நைட்ரஜன் கேனைக் கீழே கொட்டிக் காட்டணுமாம், குண்டு இருக்கான்னு பார்க்க. கொட்டினா விந்து செத்துப்போகும். பொழுது சாய்ஞ்சா மாட்டோட பருவமும் போயிரும். "என்னைப் புடிச்சு வச்சுக்குங்க, கேனைத் தொடாதீங்க"ன்னு சிங்களத்துல கத்திட்டு அது மேலயே உக்காந்துட்டேன். பயம் இல்லாமலா? ஆனா எந்திரிக்கல.

கடைசியில நானே மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். குபுகுபுன்னு வெள்ளைப் புகை! அத்தனை பேரும் பின்னால பாய்ஞ்சாங்க. அவங்கள்ல பெரியவரு தூரத்துல நின்னே, காளை தமிழனோடதா சிங்களவனோடதான்னு கேட்டாரு. வெள்ளைக்காரன் நாட்டுக் காளைன்னேன்.

"அப்படின்னா பிரச்சினை இல்ல, போ!"

ரெண்டு மாடு

பொட்டக் கன்னே பொறந்துச்சு. அக்கா அழுதே போட்டாங்க. வளர்ந்து அது கறந்தப்ப, தாயைப் போலவே சுமார்தான். டொக்டர் சொன்ன காளைக்குப் பொறந்த கங்காணி வீட்டு மாடோ வாளி வாளியாக் கறந்துச்சு. லயமே எங்களைப் பார்த்துச் சிரிச்சுச்சு. சிரிக்கட்டும்னு விட்டேன். மூணாவது ஈத்துக்கு முன்னாலயே கங்காணி மாடு படுத்து, இறைச்சிக்காரன் லொறியில போச்சு. லெச்சுமி மக மட்டும் தாயைப் போலவே விடாம கறந்துகிட்டு இருந்தா.

அப்புறம் டொக்டரே லயத்துக்கு வந்து, அவளை அரசாங்கப் பண்ணைக்குக் குடுங்க, லொறி அனுப்புறேன்னாரு. பாக்கியம் அக்கா சாணிக் கையோட நிமிர்ந்தாங்க.

"எங்க சனத்தையே இந்தியாவுக்குப் போ போன்னு லொறியைக் கொண்டாந்து நிறுத்துனப்பவே நான் ஏறலீங்க ஐயா, என் மாடா ஏறப்போவுது?"

அதுக்கப்புறம் எந்தக் காளைன்னு ஐயாவும் சொல்றதில்ல, நானும் கேக்கிறதில்ல; எங்க தொழில்ல பதவி உயர்வுன்னா அம்புட்டுத்தான்.