மஞ்சள் தண்ணீரும் கடலைத்தொலிக் கரியும்

தாயில்பட்டிப் பக்கம் நடந்த வெடிவிபத்தில் அக்காவைப் பறிகொடுத்த பிறகு, இனிப் பட்டாசுக் கம்பெனி வாசலை மிதிப்பதில்லை என்று சிவகாசிக்கு வந்துவிட்டவள் முத்துப்பேச்சி. அச்சாபீஸ் ஒன்றில் பிளேட் எனப்படும் அச்சுத் தகடுகளைக் கழுவும் வேலை கிடைத்தது. காலண்டர் சீசனில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆனால் வெடிக்குமோ என்ற பயம் இல்லை. அது போதும் அவளுக்கு.

2004 கோடையில் அச்சாபீஸுக்குப் பின்னால் இருந்த கிணற்றுத் தண்ணீர் லேசான மஞ்சளாக வந்தது. அந்தத் தெருவே அதில்தான் புழங்கியது. குடத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிளேட்டில் பூசும் குரோமிய விஷ மருந்தின் நிறம் அது. தினமும் தன் கையாலேயே கழுவிவிடுவது.

குடத்தோடு முதலாளி கண்ணுச்சாமியிடம் போனாள்.

"மொதலாளி, நம்ம கழிவுதான் கெணத்துல எறங்குது. பாருங்க."

"மண்ணு நெறம்மா அது. போயி சோலியப் பாரு."

அவளுக்கு மனம் கேட்கவில்லை. ஆண்டு மலர் அச்சடிக்க வந்து பழக்கமான கல்லூரி வேதியியல் ஆசிரியை அழகுமீனாவிடம் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தாள். சோதனையில் குரோமியம்தான் என்று தெரிந்தது. விஷயம் அதிகாரிகளுக்குப் போயிற்று. கழிவைச் சுத்தம் செய்யும்வரை பிளேட் அறையைத் திறக்கக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள்.

"ஒன்னால அம்புட்டுப் பேரு பொழப்பும் போச்சு," என்றான் கூட வேலைபார்த்த பெத்தணன். மறுபடி பட்டாசுக்கே போக வேண்டிவருமோ என்ற நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அழகுமீனாதான் ஒரு வழி சொன்னாள். கடலைத்தொலி, அதாவது நிலக்கடலை ஓடு, குரோமியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். கண்ணுச்சாமி அரைமனதாகத் தலையாட்டினார். டிரம்மில் தொலியை நிரப்பிக் கழிவை ஊற்றினார்கள். கீழே டீ நிறத்தில் தண்ணீர் வந்தது.

"இருந்ததுக்கு இது மோசம்லா!" என்றார் கண்ணுச்சாமி.

"எந் தப்புதான். பச்சையாப் போட்டா சாயம் எறங்கும். கரியாக்கிப் பாப்போம்," என்றாள் அழகுமீனா.

தொலியைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கினார்கள். முத்துப்பேச்சி அதை இடித்துச் சலித்து அலசினாள். கரி நன்றாகப் பிடிப்பதற்காகக் கழிவில் அளவாக அமிலம் கலந்து அழகுமீனா ஊற்ற, இம்முறை தண்ணீர் பளிச்சென்று சொட்டியது.

"டீச்சர், தெளிஞ்சிருச்சு!"

"கண்ணுக்குத் தெளிஞ்சா போதாதுக்கா. ரிசல்ட் வரட்டும்."

சில நாள் கழித்து அழகுமீனாவிடமிருந்து அச்சாபீஸுக்குப் போன் வந்தது. "குரோமியம் அளவுக்குள்ளதான் இருக்கு." முத்துப்பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதிகாரிகளும் வந்து சோதித்துவிட்டு அறையைத் திறந்தார்கள். குரோமியம் ஏறிய கரியைக் குப்பையில் கொட்டாமல், தனி டிரம்மில் மூடி, விஷக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று.

கிணற்றை இறைத்தும், அது முழுதாகத் தேற ஐப்பசி மழை வரவேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரும் நல்லபடி என்று சோதனை முடிவு வந்த அன்று, பெத்தணன் டீ வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"ஆறிரப் போவுது, குடிங்க."

குடித்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தவள், பொழுது விடிந்து வெயில் ஏறியது தெரியாமல் தூங்கினாள்.