சோழவந்தானுக்கு மகள் ஓட்டிய கார்

காலை எட்டே காலுக்குத் திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். போகவேண்டிய ஊர் சோழவந்தான். ஏறக்குறைய இருபத்தாறு கிலோமீட்டர். முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு பயணமா? பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவது போலத்தான். ஆனால் அன்றைக்கு ஸ்டியரிங் என் மகள் செல்வியின் கையில் இருந்தது.

செல்விக்கு முப்பத்தெட்டு வயது. சோழவந்தானில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. மாமியாருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குக் கூட்டிவந்து டயாலிசிஸ் செய்ய வேண்டும். களைத்துக் கிடக்கும் உடம்பைப் பேருந்தில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான், எங்கள் தெருவில் விலைக்கு வந்த பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். லைசென்சும் எடுத்தாயிற்று. சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. இன்றைக்குப் பயந்துவிட்டால் இனி வண்டியைத் தொட மாட்டாள். அது எனக்கும் தெரியும், என் மனைவி பாக்கியத்துக்கும் தெரியும்.

பாக்கியம் என் கையில் ஒரு வெற்றிலைப் பொட்டலத்தைத் திணித்தாள்.

"போய்ச் சேர்ற வரைக்கும் மென்னுக்கிட்டே இருங்க. நீங்க வாயத் தொறந்தா எம்மக சாவியத் தூக்கிப் போட்டுருவா."

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்!"

வயது ஏறினால் பொறுமை தானாக வரும் என்பார்கள். எனக்கு அறுபத்தொன்பது. பொறுமை வந்த மாதிரித் தெரியவில்லை. பாக்கியத்துக்குப் பயந்து வாய்தான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

பழங்காநத்தம் தாண்டிப் பைபாஸ் ரோட்டில் இரண்டாவது கியரிலேயே வண்டி முக்கிக்கொண்டு போனது. 'மூணுக்கு மாத்து' என்று சொல்ல நாக்கு துடித்தது. வெற்றிலையோடு சேர்த்து அதையும் விழுங்கினேன். காளவாசல் மேம்பாலத்தில் இறங்கும்போது அவளாகவே மாற்றினாள். சொல்லாமலேயே நடந்துவிட்டதே என்று எனக்குச் சின்ன ஏமாற்றம்கூட.

ஒன்பது மணிக்குப் பரவை. மார்க்கெட்டுக்கு வந்து திரும்பும் காய்கறி வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. முன்னால் போன குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி சட்டென்று நின்றது. செல்வியும் நிறுத்தினாள், எஞ்சின் அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பினாள், ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. இன்னொரு தடவையும் அதே கதைதான். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"அப்பா, நீங்களே ஓட்டுங்கப்பா. என்னால ஆகாது."

கதவைத் திறந்து இறங்கினேன். பொய் சொல்வானேன், ஓட்டத்தான் இறங்கினேன். எத்தனை நாளாயிற்று ஸ்டியரிங்கைப் பிடித்து! சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போய்ப் பார்த்தால், ஆகாது என்று சொன்னவள் இன்னும் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. ஒரு கை சாவி மேலேயே இருந்தது.

அப்படியே காருக்குப் பின்னால் நடந்து, லாரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"யோவ் பெருசு, நீயாச்சும் ஓட்ட வேண்டியதுதான?" என்று லாரிக்காரன் தலையை நீட்டினான்.

"மாப்ள, நீ ஆத்தா வயித்துலருந்தே ஹெவி லைசென்ஸோடயா பொறந்த? எம்மக ஓட்டுறா. செத்த நேரம் பொறு!"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹாரன் நின்றது. எனக்குப் பின்னால் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அணையவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், கார் போய்க்கொண்டிருக்கிறது. என்னை விட்டுவிட்டு!

சிறிது நேரத்தில் போன் வந்தது.

"அப்பா, அங்கன நிறுத்துனா மறுபடி ஆஃப் ஆயிரும்னு பயந்துக்கிட்டு வந்துட்டேன். கூட்டம் தாண்டி ஓரமா நிக்கிறேன். வாங்க."

நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். ஆனால் நான் போய் உட்கார்ந்தால், அப்பா இருந்ததால்தான் ஊர் வந்து சேர்ந்தோம் என்று நினைத்துக்கொள்வாள்.

"நீ போம்மா. நான் பஸ்ஸுல வாரேன்."

"தனியாவா?"

"ஆமா. மெதுவாப் போ."

ஜம்பமாகச் சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். பத்து நிமிடத்தில் சோழவந்தான் பேருந்து வந்தது. டிக்கெட் பதினைந்து ரூபாய். சமயநல்லூர், தேனூர் என்று பச்சை வயலும் தென்னந்தோப்புமாக அழகான வழி; புதிதாக வருபவர்கள் ஜன்னலோரம் இடம் பிடிக்கலாம். நான் பார்த்ததெல்லாம் வாய்க்காலையும் பள்ளத்தையும்தான். எங்காவது ஒரு வெள்ளைக் கார் கவிழ்ந்து கிடக்கிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டிப்பார்த்தேன்.

பக்கத்தில் பூக்கூடையோடு இருந்தவர் என் காலையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, காலு இழுக்குதா?"

"இல்லண்ணே. பிரேக் போடுறேன். பழைய டிரைவர்."

"அதுக்குத்தான் முன்னால ஒரு ஆளு சம்பளம் வாங்குறாருல்ல? நீங்க சும்மா வாங்கண்ணே!"

பத்தே கால் மணிக்குச் செல்வியின் வீட்டு முன்னால் கார் கோணல்மாணலாக நின்றிருந்தது. கீறல்கூட இல்லை. ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

சாப்பிடும்போது சம்பந்தியம்மா கேட்டார். "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூட வாரீகளாண்ணே?"

"அப்பா வேணாம் அத்தை. நானே கூட்டிட்டுப் போயிருவேன்" என்றாள் செல்வி.

நெஞ்சில் ஒரு ஓரம் சுருக்கென்றது. இதற்குத்தானே இத்தனை பாடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிள்ளைகள் 'வேணாம்' என்று சொல்வதைக் காதில் வாங்கிச் சீரணிக்கக் கொஞ்சம் வயதாகத்தான் வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் நாலரைக்குப் புறப்பட்டேன். பரவை வரை கொண்டுவந்து பேருந்தில் ஏற்றிவிடுகிறேன் என்று செல்வி சாவியை எடுத்தாள். வெயில் தாழ்ந்து வயல் காற்று சில்லென்று வந்தது. தேனூர் வந்தது வரை ஞாபகம் இருக்கிறது.

"அப்பா, எந்திரிங்கப்பா."

கண்ணைத் திறந்தால் எதிரே எங்கள் மலை. வாசலில் பாக்கியம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பரவையில ஏன் எழுப்பல?"

"அம்புட்டு நல்லாத் தூங்குனீங்க. எழுப்ப மனசு வரல."

இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று காப்பியைக்கூட நின்றுகொண்டே குடித்துவிட்டுச் செல்வி கிளம்பினாள். பேருந்து ஓட்டுகிறவனை யாரும் வாய்விட்டுப் பாராட்டுவதில்லை. பின்னால் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினால், நன்றாக ஓட்டுகிறோம் என்று நாங்களே தெரிந்துகொள்வோம். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். தெரு முனைக்கு ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் அவள் மூன்றாவது கியர் போட்டுவிட்டாள்.