ஐஸ்கட்டிக்கு வந்த போன்

துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில் போனில் புகார் கேட்பது அவள் வேலை. ஆபீசில் அவளுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். யாருக்கும் ஐஸ் வைக்கிற ஆள் இல்லை அவள். எதிர்முனையில் எவன் எந்தக் குதி குதித்தாலும் குரல் ஏறாது, அதற்காக வைத்த பெயர். "உங்க சிரமம் புரியுதுங்க" என்பாள். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவன் பொத்தென்று அடங்கிவிடுவான். புகார் எண் ஒன்றைச் சொல்லி போனை வைப்பாள்.

வீட்டில் அந்தப் பருப்பு வேகவில்லை. பன்னிரண்டு வயது மகள். கோபம் வந்தால் கடிப்பாள், கையில் கிடைத்ததை எறிவாள். எதற்குக் கோபம் வரும் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. வீட்டில் இருந்த தட்டெல்லாம் எவர்சில்வர், எல்லாம் நெளிசல். ஐஸ்கட்டி எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள், பல் தடம் தெரியக்கூடாதே. மெதுவாகப் பேசுங்கள் என்றார் டாக்டர். மெதுவாகப் பேச அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? "உன் கஷ்டம் புரியுதும்மா" என்பாள் ஆபீஸ் குரலில். அவ்வளவுதான், நாற்காலி பறக்கும்.

இரண்டு பள்ளிக்கூடங்கள் கைகழுவிவிட்டன. பகலில் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஓயாமல் இருமுவதால் இருமல் அக்கா. கணவர் வேறு ஊரில் வேலை பார்த்தார். தானாக வந்த மாற்றல் இல்லை, கேட்டு வாங்கிக்கொண்ட மாற்றல். அந்த மனுஷனைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, "என்ன, எப்படி இருக்கா?" என்று பக்கத்து வீட்டு நாய்க்குட்டியை விசாரிப்பதுபோல விசாரிப்பார். அண்ணன் தன் வீட்டு விசேஷத்துக்கு, "நீ மட்டும் வந்துட்டுப் போம்மா" என்றார். அவள் போகவில்லை. அடுத்த விசேஷத்துக்கு அழைப்பே இல்லை.

இப்போது அண்ணனும் கணவரும் கலந்து பேசி ஒரு விடுதி பார்த்துவைத்திருந்தார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான இடம். வெகுதூரம், வருஷத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரியா, இல்லையா என்று சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை சமையலறையில் நின்றபடி கணவரிடம் போனில் மெதுவாகச் சொன்னாள்: "அனுப்பிடலாம். என்னால முடியல. நாளைக்கு அவங்ககிட்ட சொல்லிடறேன்." வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கதவைத் தாழிடாமல் தூங்குவதை நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் சாப்பிடப் போனார்கள். ஐஸ்கட்டி அவர்களோடு போவதில்லை. டப்பாவைத் திறந்ததுமே பிள்ளைகள் பேச்சு வந்துவிடும், யார் மகன் என்ன மார்க், யார் மகள் நீச்சலில் முதல் என்று. "உங்க பொண்ணு?" என்று ஒருமுறை ஒருத்தி கேட்டாள். "நல்லாருக்கா" என்றவளுக்கு மறுநாளிலிருந்து மதியத்தில் பசியே வருவதில்லை.

போன் அடித்தது.

"வணக்கங்க, ஒரு புகார் சொல்லணுங்க." சின்னப் பெண்ணின் குரல். என்ன பதவிசு. இதைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. மெஷின்ல என்ன பிரச்சினைங்க?"

"சில நேரம் ரொம்ப ஆடுதுங்க. நிறுத்த முடியல. சுத்தி இருக்கிற சாமானெல்லாம் உடையுது."

"உங்க சிரமம் புரியுதுங்க. ஆள் அனுப்பி சரி பண்ணித் தர்றோம்."

"நிறைய பேர் பார்த்தாச்சுங்க. சரியாகலேன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"எடுத்துக்குவோங்க. வேற புதுசு குடுத்துடுவோம்." வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.



"அப்போ அந்தப் பழசை என்ன பண்ணுவீங்க?"

பின்னால் யாரோ இருமினார்கள். இருமல் அக்காவின் இருமல்.

ஐயோ. மகள் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அதனால்தான் பெற்ற பிள்ளை என்று தெரியாமல் இவ்வளவு நேரம் 'ங்க' போட்டுப் பேசியிருக்கிறாள். வீட்டு மெஷினில் ஒட்டியிருக்கும் சீட்டில் நம்பர் இருக்கிறது. மதியத்தில் யார் போனை எடுப்பார் என்பதும் மகளுக்குத் தெரியும். நேற்று சமையலறையில் பேசியதும் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பதவிசு மட்டும் யாருடையது? அச்சு அசல் ஐஸ்கட்டியின் ஆபீஸ் குரல். அதைக் காதில் வாங்கிக்கொள்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பேசுவதெல்லாம் பதிவாகும், மேலாளர் கேட்பார். கேட்கட்டும்.

"யாருடி உன்னைத் திருப்பி அனுப்பறது?" என்று கத்தினாள். கணக்குப் பிரிவிலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. "எனக்கு ஒண்ணும் புரியலடி. நீ ஏன் கடிக்கிற, ஏன் உடைக்கிற, ஒரு எழவும் புரியல. புரியாட்டிப் போகுது. நீ எங்கயும் போகல."

"ஏன் கத்துற?" என்று கேட்டுவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள்.

ஐஸ்கட்டி கணவரைக் கூப்பிட்டு, அனுப்பப் போவதில்லை என்றாள். "அப்புறம் என்கிட்ட வந்து அழாத" என்றார் அவர். எப்போது அழுதேன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். இனி ஞாயிற்றுக்கிழமை போனும் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் சமையலறை அலமாரியின் கதவு பெயர்ந்து கிடந்தது. இருமல் அக்கா பையோடு வாசலில் நின்றாள். "திங்கக்கிழமைலேருந்து வேற ஆள் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். இனி இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் என்று ஒருவரும் இல்லை.

மகள் மெஷினில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடித்தால் எட்டாத தூரத்தில் அம்மாவும் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ நம்பர் குடுக்கல" என்றாள் மகள்.

"என்ன நம்பர்?"

"புகார் நம்பர். எல்லாருக்கும் குடுக்கறல்ல?"

அம்மா யோசித்தாள். "ஒண்ணு."

"வெறும் ஒண்ணா?"

"எல்லாரும் உன் மேலதான் புகார் சொல்லியிருக்காங்க. நீ சொன்னது இதானே மொதல்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரொம்ப நேரம் மெஷினின் மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது ஒண்ணு இருக்கு" என்றாள்.

அம்மா நகர்ந்து, எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லு."