ஒன்பதாம் நம்பரின் பெயர்

நல்லூர் மைதானத்தில் அன்று நடந்தது, தேசியக் கால்பந்துச் சங்கத்தின் அனுமதியில்லாத போட்டி. சங்கத்தில் பெயர் பதிந்தவர்கள் அதில் ஆடினால் தடை விதிப்பார்கள். என் கணவர் பதிந்தவர். ஆனால் பனியன் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்ததே கால்பந்தால்தான். முதலாளி சொன்னதற்காக வேறு பெயரில் ஆடினார்.

கைக்குழந்தையோடு நின்ற என்னருகே ஒரு பெரியவர் வந்து நின்றார். கடலை தின்றபடி, தோலைக் கீழே போடாமல் சட்டைப் பையிலேயே சேர்த்தார். பந்தை அவர் பார்க்கவேயில்லை. ஆடுகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஒன்பதாம் நம்பர் யாரும்மா? நல்லா ஆடறாரே!”

“எங்க ஊட்டுக்காரருங்க” என்றேன் பெருமையாக.

“பேரு?”

அப்போதுதான் புடைத்திருந்த அந்தப் பையின் மேல் சங்கத்தின் சின்னத்தைக் கண்டேன். எந்தப் பெயரைச் சொல்வது?

“ஊட்டுக்காரரு பேரைச் சொல்ற வழக்கமில்லீங்க.”

சிரித்தார். குழந்தையின் தாடையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். “அப்படியே அப்பா முகம். நான் முகத்தை மறக்கறதில்லம்மா.”

இடைவேளைக்கு முன்பே போய்விட்டார்.

தடைக் கடிதம் இதுவரை வரவில்லை. மன்னித்தாரா, சமயம் பார்த்துக் காத்திருக்கிறாரா, தெரியவில்லை. இப்போதும் கணவரின் ஆட்டத்துக்குப் போகிறேன். பந்தைப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் யாராவது கடலை தின்கிறார்களா என்றுதான் பார்க்கிறேன்.